நூற்றுக்கு மூன்று பேர்தானா?

நம் நாட்டில் வேலையில்லாமல் திண்டாடுகின்றவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான் என்பதாக இந்திய சர்க்காரின் கணக்கு சொல்லுகின்றது. 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை வீடு வீடாகக் கேட்டு எழுதிய கணக்கு இது. இந்தியா முழுமைக்கும் 3.2, தமிழ்நாட்டுக்கு 3.5, பக்கத்துக் கர்நாடகாவுக்கு 2.7. இதைப் படித்துவிட்டு ஒரு சாரார், “பார்த்தீர்களா, திண்டாட்டம் தீர்ந்தது” என்று மார் தட்டுகின்றார்கள். மற்றொரு சாரார், “தமிழ்நாடு இந்தியாவின் சராசரியைவிட மோசமாயிருக்கின்றதே, கர்நாடகாக்காரன் நம்மைத் தாண்டிவிட்டானே” என்று ஒப்பாரி வைக்கின்றார்கள். இரு சாராரும் அந்த எண் எதை அளந்தது என்று கேட்கவேயில்லை. வேதத்தில் இருக்கின்றது, ஆகையால் சரி என்று சொல்லுகிறவனை நாம் கண்டிக்கின்றோம். சர்க்கார் புஸ்தகத்தில் அச்சாகியிருக்கின்றது, ஆகையால் சரி என்று சொல்லுகிறவனை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்?

கணக்கு பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. சொன்ன இலக்கணப்படி எண்ணியிருக்கின்றார்கள். அந்த இலக்கணம் என்ன என்பதை நம் கிராமத்துத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நமது ஆசை.

கிருஷ்ணகிரி ஜில்லாவில் அஞ்செட்டி என்று ஓர் ஊர். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காட்டு வழியே போனால் வரும். அதற்கப்பால் நாட்றாம்பாளையம், ஒகேனக்கல் பக்கம் போகும் பாதை. காவிரிக்கு அக்கரை கர்நாடகா. மலையூர்களில் மானாவாரியாக ராகியும் கொள்ளும் அவரையும் சாமையும் போடுகின்றார்கள். மழை பெய்தால் களி, இல்லாவிட்டால் பெங்களூரில் கட்டட வேலை. வடக்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில் ஓசூர். அங்கு சிப்காட், அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டான் என்று தொழிற்சாலைகள் வரிசையாய் நிற்கின்றன. ஒரே ஜில்லாவுக்குள் இவ்வளவு தூரம் வேறுபட்ட இரண்டு உலகங்கள்.

அஞ்செட்டிக்குப் பக்கத்தில் ஒரு மலையூரில், ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலமுள்ள ஒரு வீட்டுக்குக் கணக்கெடுப்பவர் வருவதாக வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படித்தான் நடக்கும்:

கணக்கெடுப்பவர்: பெரியவரே, போன வருஷம் நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?

பெரியவர்: எனக்கென்ன வேலை சார்! எழுபது வயசாச்சு. ராகி கதிர் வந்தால் யானை வந்துவிடும். ராத்திரி பரண்மேல் ஏறி உட்கார்ந்து தகரத்தைத் தட்டுவேன். அதுவே இரண்டு மாசம்.

கணக்கெடுப்பவர்: சொந்த நிலம்தானே? அப்படியானால் குடும்ப விவசாயத்தில் உதவியாளர். வேலையில் இருக்கின்றீர்கள். மகன்?

பெரியவர்: அவனுக்கு மேஸ்திரி கூப்பிட்டால் கூலி. போன வாரம் ஒரு நாள் செங்கல் தூக்கப் போனான். மற்ற ஆறு நாளும் டீக்கடையில் மேஸ்திரிக்காகக் காத்திருந்தான்.

கணக்கெடுப்பவர்: ஒரு நாள் போனாரல்லவா? போதும், அவரும் வேலையில் இருக்கின்றார். மருமகள்?

பெரியவர்: அவள் சும்மாத்தான் இருக்கிறாள் சார். தண்ணீர் எடுப்பாள், காட்டில் விறகு பொறுக்குவாள், மாட்டைப் பார்ப்பாள், களை எடுப்பாள், சமைப்பாள்.

கணக்கெடுப்பவர்: களை எடுத்ததும் மாடு பார்த்ததும் இருந்தால் அவரும் உதவியாளர். வெறும் விறகும் தண்ணீரும் சமையலும் என்றால் கணக்கிலேயே வரமாட்டார். பேரன்?

பெரியவர்: பி.எஸ்ஸி. படித்துவிட்டு இரண்டு வருஷமாய் வேலை தேடுகிறான். காட்டு வேலைக்கு வரமாட்டேன் என்கிறான்.

கணக்கெடுப்பவர்: அவர் ஒருவர்தான் இந்த வீட்டில் வேலையில்லாதவர்.

இது சிரிப்பதற்காக எழுதிய நாடகமல்ல. இலக்கணமே இதுதான். வாரக் கணக்கு என்று ஒன்று இருக்கின்றது. கேட்ட நாளுக்கு முந்தின ஏழு நாளில், ஏதாவது ஒரு நாளில், ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். வருஷக் கணக்கு என்று மற்றொன்று. வருஷத்தின் பெரும்பகுதியை எதில் கழித்தார் என்று பார்த்து, அத்துடன் முப்பது நாளாவது துணை வேலை செய்தவரையும் வேலையில் இருப்பவராகச் சேர்த்துக்கொள்ளுவது. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்த 3.2 இந்த இரண்டாவது கணக்கு. அதாவது முப்பத்தைந்து நாள் கூலிக்குப் போய், பாக்கி 330 நாளும் வேலை வேலை என்று அலைந்தவனும் இந்தக் கணக்கில் வேலையுள்ளவனே!

அளவுகோல் மாறினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு சர்க்காருடைய புஸ்தகமே சாட்சி. 2011-12ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் அதே ஜனங்களை, அதே வருஷத்தில், மூன்று விதமாய் எண்ணினார்கள். வருஷக் கணக்கில் வேலையில்லாதார் நூற்றுக்கு 2.2. வாரக் கணக்கில் 3.7. நாள் கணக்கில் 5.6. இந்த நாள் கணக்கு என்பது, ஒரு கூலிக்காரர் வாரத்தில் மூன்று நாள் வேலை செய்து நான்கு நாள் வேலை கிடைக்காமல் இருந்தால், அந்த நான்கு நாளையும் வேலையில்லாத நாளாகவே எழுதும் கணக்கு. கூலிக்காரரின் வயிற்றுக்குச் சமீபத்தில் வரும் கணக்கு அதுதான். 2017-18 முதல் நடக்கும் புதிய கணக்கெடுப்பில் அந்த நாள் கணக்கை விட்டுவிட்டார்கள். பெரிய கணக்குக்கு மூன்று பேர், சிறிய கணக்குக்கு ஐந்து பேர் என்று ஜனங்களுக்கு விளங்கச் சொல்லியிருந்தாலாவது குற்றமில்லை. அதுவுமில்லை. ஆகவேதான் 2025 ஏப்ரல் மாதத்திற்கு 5.1 என்ற மாதக் கணக்கு வெளிவந்தபோது, “மூன்றிலிருந்து ஐந்துக்குப் போய்விட்டதே” என்று பலர் அலறினார்கள். அந்த மாதக் கணக்கு வாரக் கோலால் அளந்தது. 2024இலும் வாரக் கோலால் அளந்தால் 4.9தான். படியை மாற்றி அளந்துவிட்டு நெல் கூடிற்று, குறைந்தது என்று சண்டை போடுவது எவ்வளவு புத்திசாலித்தனம்?

நிற்க, இன்னொரு சூட்சுமம் பாக்கியிருக்கின்றது. நூற்றுக்கு என்றால் எந்த நூற்றுக்கு? ஊரிலுள்ள எல்லோரிலும் நூற்றுக்கு அல்ல. வேலை செய்கிறவர்களும், வேலை தேடுகிறவர்களும், கிடைத்தால் செய்யத் தயார் என்கிறவர்களும் சேர்ந்த கூட்டத்தில் நூற்றுக்கு. தேடுவதையும் விட்டு, வேலைக்குத் தயாருமில்லை என்கிறவர்கள் அந்தக் கூட்டத்திலிருந்தே நீக்கப்பட்டுவிடுகின்றார்கள். ஓர் ஊரில் வயது வந்தவர்கள் நூறு பேர். அதில் நாற்பது பேர் வேலை செய்கின்றார்கள், இரண்டு பேர் தேடுகின்றார்கள், ஐம்பத்தெட்டு பேர் வீட்டோடு இருக்கின்றார்கள். இன்னோர் ஊரில் அறுபத்தைந்து பேர் வேலை செய்கின்றார்கள், ஐந்து பேர் தேடுகின்றார்கள். முதல் ஊரின் வேலையின்மை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இரண்டாவது ஊரின் வேலையின்மை ஏழுக்கும் மேல். எந்த ஊரில் பிழைக்க இஷ்டப்படுவீர்கள்? முதல் ஊரில் மனம் வெறுத்து இரண்டு பேரும் இனி வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அன்றைக்கே அந்த ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் அடியோடு ஒழிந்துவிடும்!

இப்போது மாகாணங்களைப் பாருங்கள். அதே 2023-24 கணக்கில் மத்தியப் பிரதேசம் 1.0, குஜராத் 1.1, ஜார்க்கண்ட் 1.3, பீகார் 3.0, தமிழ்நாடு 3.5, கேரளம் 7.2. இந்தப் பட்டியலை நம்பினால் நம் இளைஞர்கள் ஓசூரை விட்டு ஜார்க்கண்டுக்கல்லவா ரயில் ஏறவேண்டும்? நடப்பது என்ன? 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டிலிருந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட மலைவாழ் பெண்கள் தனி ரயிலில் ஓசூருக்கு, டாட்டா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வேலைக்கு வந்தார்கள். பீகார், ஒரிசா தோழர்கள் ஓசூர்ச் சந்துகளில் ஓர் அறைக்குப் பத்துப் பேராய்ப் படுத்து உழைக்கின்றார்கள். வேலையின்மை குறைவாயுள்ள இடத்திலிருந்து, அதிகமாயுள்ள இடத்திற்கு வேலை தேடி ஜனங்கள் வருகின்றார்கள் என்றால், ஜனங்களுக்குப் புத்தியில்லை என்று சொல்லுவதா, அல்லது அந்த எண் பிழைப்பை அளக்கவில்லை என்று சொல்லுவதா?

அந்தப் பெண்கள் வந்தபோது, “உள்ளூர்ப் பெண்ணுக்கு வேலையில்லையா?” என்று இங்கே கூச்சல் எழுந்தது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்வியை ரயிலில் வந்த பெண்ணைப் பார்த்துக் கேட்பது நியாயமல்ல. அவளும் நம் மலையூர்ப் பெண்ணைப் போலக் காடும் மேடும் அலைந்து களைத்தவள்தான். கேட்க வேண்டியது அஞ்செட்டித் தகப்பன்மார்களையும், சர்க்காரையுமே. பன்னிரண்டாவது முடித்த பெண்ணை ஓசூர் விடுதியில் தங்கி வேலை செய்ய அனுப்ப நம் வீடுகள் தயாராயிருக்கின்றனவா? பள்ளிக்கூடம் முடியுமுன்பே மாப்பிள்ளை தேடுகிறோமே! அப்படி அடைபட்ட பெண் வேலை தேடவுமில்லை, வேலைக்குத் தயார் என்று சொல்லவுமில்லை. ஆகையால் வேலையில்லாதவளும் அல்ல. சர்க்காரின் எண்ணும் கெடுவதில்லை, நம் கௌரவமும் கெடுவதில்லை. கெடுவது அவள் பிழைப்பு ஒன்றுதான்.

கேரளத்தின் 7.2 கேவலமா என்றால், அதுவும் அப்படியல்ல. அங்கே பெண்கள் படித்திருக்கின்றார்கள், படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வீட்டில் ஏதோ கொஞ்சம் இருக்கின்றது, ஆகையால் “தேடுகிறேன்” என்று தைரியமாய்ச் சொல்லுகின்றார்கள். இந்தியா முழுதும் இதே கதைதான். எழுத்தறியாதவர்களுக்குள் வேலையில்லாதவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பட்டதாரிகளுக்குள் சுமார் 13 பேர். இதைக் காட்டி, “படிப்புத்தான் வேலையைக் கெடுத்தது, அவரவர் குலத்தொழிலைச் செய்திருந்தால் இந்தத் துன்பமுண்டா?” என்று சில பெரிய மனிதர்கள் உபதேசம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை மட்டும் படித்துக் கடல் தாண்டிப் போயிருக்கும்! எழுத்தறியாதவனுக்கு வேலையின்மை இல்லை என்பதற்கு அர்த்தம், அவனுக்கு நல்ல வேலை இருக்கின்றது என்பதல்ல. ஒரு நாள் சும்மாயிருந்தால் அன்று அடுப்பு எரியாது, ஆகையால் எந்தக் கூலிக்கும் எந்தப் பாரத்தையும் தூக்குகிறான் என்பதுதான்.

அமெரிக்காவோடு ஒப்பிடுவோர் உண்டு. 2024இல் அங்கே சராசரி 4.0, நமக்கு 3.2, ஆகவே நாம் மேல் என்பது அவர்கள் கணிதம். அங்கே 1935 சட்டத்திலிருந்து வேலை போனவனுக்கு உதவிப் பணம் உண்டு. இங்கிலாந்தில் 1911லேயே அதற்குச் சட்டம் செய்துவிட்டார்கள். உதவிப் பணம் கையிலிருந்தால் ஒருவன் வேலையில்லாதவனாக இருந்து தகுந்த வேலையைத் தேட முடியும். நமது தமிழ்நாட்டிலும் ஓர் உதவித்தொகை இருக்கின்றது. வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்த ஏழைப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பத்தாவது தேறியவனுக்கு 300. நாளொன்றுக்கு இருபது ரூபாயும் பத்து ரூபாயும்! இதைக் கொண்டு அஞ்செட்டியிலிருந்து ஓசூருக்கு எத்தனை தடவை போய் வேலை கேட்க முடியும் என்று பஸ்ஸில் போகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

அன்றியும், குடும்பத்திற்குச் சம்பளமில்லாமல் உழைப்பவரை அமெரிக்காவில் எப்படி எண்ணுகின்றார்கள் தெரியுமா? வாரத்தில் பதினைந்து மணி நேரமாவது உழைத்தால்தான் வேலையில் இருப்பவர். இங்கே அந்த வரம்பு கிடையாது. இந்தியாவில் வேலையில் இருப்பதாக எழுதப்பட்ட பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் இப்படிக் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர்களே. 2017-18இல் நூற்றுக்கு 23 ஆக இருந்த உழைக்கும் பெண்கள் கூட்டம் 2023-24இல் 41க்கு மேல் போய்விட்டது என்று சொல்லும்போது, அந்த ஏற்றத்தில் எத்தனை பேர் கையில் சம்பளக் காசு பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுவதல்லவா யோக்கியம்? உலகத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் கூட்டத்தில் 2013இலேயே, தன் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று மட்டும் பயிர் செய்வதைச் சம்பாத்திய வேலையோடு சேர்க்காமல் தனியே எண்ணவேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள். அந்த இலக்கணத்தை அஞ்செட்டி மலையூர்களுக்குக் கொண்டுவந்தால் கணக்கு எப்படித் தலைகீழாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஒரு வேடிக்கை. பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை என்று தாய் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். சனி பார்க்கிறான், பரிகாரம் செய் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர் சர்க்கார் கணக்கில் சுயதொழில் செய்பவர். அந்தப் பணத்திற்காக ஆட்டுக்குட்டியை விற்று, விறகு சுமந்து, தண்ணீர் தூக்கிய தாய் கணக்கில் வேலை செய்யாதவள். கிரகங்களின் பேரில் மட்டும் ஜோசியர் பழிபோடவில்லை. நாமும் நம் கணக்குப் புஸ்தகத்தில் அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கின்றோம்.

எல்லைக்கு வருவோம். கர்நாடகா 2.7, நாம் 3.5 என்ற வித்தியாசத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகின்றவர்களுக்கு அஞ்செட்டிக்காரன் நல்ல பதில். அவன் பெங்களூரில் கட்டடத்தில் எட்டு மாதம் தங்கிவிட்டால், பொதுவாக அந்த ஊரில்தான் எண்ணப்படுவான். வேலையில்லாதவன் ஊரை விட்டுப் போனால் ஊரின் வேலையின்மை குறையும். ஊர் காலியானதற்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம் அது! எல்லையில் உண்மையாய் ஒப்பிடக்கூடிய ஓர் எண் உண்டு என்றால் அது கூலி. நூறு நாள் வேலைக்கு 2025-26க்கு நிர்ணயித்த கூலி தமிழ்நாட்டில் 336 ரூபாய். ஆற்றுக்கு அக்கரையில் 370 ரூபாய். ஒரே காடு, ஒரே மண்வெட்டி, ஒரே வெயில். முப்பத்துநான்கு ரூபாய் வித்தியாசம். இதைப்பற்றி மேடையில் பேசக் காணோம்.

அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் நல்ல அம்சம் ஒன்று இருந்தது. வேலை வேண்டும் என்று மனுக் கொடுத்துப் பதினைந்து நாளில் வேலை தராவிட்டால், முதல் முப்பது நாளைக்குக் கூலியில் கால் பங்காவது, பிறகு அரைப் பங்காவது கொடுக்க வேண்டும். அதாவது, வேலையில்லாதவன் யார் என்று டில்லியில் இருப்பவர் தீர்மானிக்காமல், மனுக் கொடுத்தவனே தீர்மானிக்க இடமிருந்தது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறு சட்டம் செய்துவிட்டார்கள். நாட்கள் 125 என்கின்றார்கள். நூறோ நூற்றிருபத்தைந்தோ, மனு வாங்கினதற்குத் தேதி போட்ட ரசீது கையில் இல்லாவிட்டால் எல்லாம் காகிதத்தில்தான்.

இனி ஜில்லாக் கணக்கு. 2025 ஜனவரி முதல் கணக்கெடுப்பை ஜில்லாவை அடிப்படையாக வைத்து விரிவாக்கியிருக்கின்றார்கள்; வீடுகளின் எண்ணிக்கையையும் இரண்டரை மடங்குக்கு மேல் கூட்டியிருக்கின்றார்கள். இதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கு நல்ல எண் ஒன்று வந்துவிட்டால், அதில் ஓசூர் எவ்வளவு, அஞ்செட்டி எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்லுவார்கள்? ஓசூர் சாப்பிட்டால் அஞ்செட்டி ஏப்பம் விடுமா? 2021இல் எடுத்திருக்க வேண்டிய குடிக்கணக்கையும் எடுக்காமல், 2027க்குத் தள்ளிவிட்டார்கள். ஆக ஊர்வாரியாக நமக்கு இருப்பது 2011ஆம் ஆண்டுக் கணக்கு. அன்று பிறந்த பிள்ளை இன்று ஓசூருக்கு வேலை கேட்டுப் போகும் வயதை நெருங்கிவிட்டது.

ஆகவே அஞ்செட்டிப் பக்கத்துத் தோழர்கள் சர்க்காருக்காகக் காத்திராமல் ஒரு காரியம் செய்யலாம். பள்ளிக்கூட நோட்டுப் புஸ்தகம் ஒன்று வாங்கி, வீட்டுக்கொரு பக்கம் ஒதுக்கி, நான்கே கேள்வி கேளுங்கள். போன மாதம் வீட்டில் ஒவ்வொருவரும், பெண்கள் உட்பட, எத்தனை நாள் உழைத்தார்கள்? அதில் எத்தனை நாளுக்குக் காசு வந்தது? நாளுக்கு எவ்வளவு? எத்தனை நாள் வேலை கேட்டும் கிடைக்கவில்லை? வெளியூர் போனவர்களின் பெயரையும் விடாமல் எழுதுங்கள். அதைக் கூட்டி, அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று வாசியுங்கள். தீர்மானப் புஸ்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு சர்க்காரின் 3.5ஐ அதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நூறு வீட்டுக்கு நான்கைந்து சாயங்காலம் போதும். எழுதுவதற்கு ஆள் பஞ்சமில்லை. பட்டம் வாங்கிய பிள்ளைகள் ஊருக்கு நாலு பேராவது டீக்கடையில் உட்கார்ந்திருக்கின்றார்கள்; சர்க்கார் அவர்களுக்கு என்ன பெயர் கொடுத்திருந்தபோதிலும்.